நாற்பத்தோராம் எண்ணுக்கு மூன்று அழைப்புகள்

இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, தூக்கக் கலக்கமும் அல்ல. அன்று பொழுதுகூட முழுதாக இருட்டவில்லை. பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் வேறு கதை படிக்கலாம். என்னிடம் வந்தது சாயங்காலம் 6.10க்கு வந்தது. தொலைபேசி வழியாக.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் உறுப்பு மாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்தால், யாருக்கு அந்தச் சிறுநீரகம் என்று கணினி வரிசை போட்டுக் கொடுக்கும். பெயர் இருக்காது, எண்ணும் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும். முதல் ஆளைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். எடுக்காவிட்டால் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு இரண்டாம் ஆளுக்குப் போகவேண்டும். அதுதான் விதி.

காகிதத்தில் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேறு மொழிக்காரர்கள். அவர்களோடு பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா உண்டு. திங்கள் முதல் சனி வரை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஞாயிறு லீவு. சாவுக்குத்தான் லீவு கிடையாது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே என் மேலதிகாரி காதில் போட்டுவிட்டார். நேரம் தவறாத மனிதர். நாங்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'.

"ஞாயித்துக்கிழம அந்தப் பக்கத்து ஆளு மொதல்ல வந்தா ரொம்ப மெனக்கெடாத. எடுத்தாலும் ஒண்ணும் புரியாது. மூணு நேரத்த எழுதிட்டு அடுத்த ஆளப் பாரு."

"கூப்பிடாமலேயா சார்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிவில் நான் மட்டும்தான். 5.55க்குப் பட்டியல் வந்தது. முதலில் 41, பாலத்துக்கு அந்தப் பக்கம். இரண்டாவது 58.

58 என் அக்கா.

அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள். நாலு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "என் ரத்தம் என் உடம்புல இருக்கிறதவிட அந்த மெஷின்லதான்டா அதிகமா இருக்கு" என்று சிரிப்பாள். போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம் என்றார்.

சொந்தக்காரர் பட்டியலில் இருந்தால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அதுவும் விதிதான். நான் எழுந்திருக்கவில்லை.

மணி 6.10. 41ஐக் கூப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை சரியான எண்ணைத்தான் அடித்தேன். நாலு முறை மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

பேச்சு இல்லை. பின்னால் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டக டக டக டக... அது நின்றது. ஒரு பெண் குரல் அவர்கள் மொழியில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னது. நான் மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன். மறுபடியும் அதே வார்த்தை. பிறகு இணைப்பு அறுந்தது.

எடுத்தார்கள் என்றால் பதில்தானே? விதிப்படி மொழிபெயர்ப்பாளர் அம்மாவை வீட்டிலிருந்து வரவழைத்திருக்கலாம். நான் பேனாவை எடுத்தேன். 6.10, பதில் இல்லை.

மணி 6.20. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எண்ணின் கடைசி இலக்கம் 7. நான் வேண்டுமென்றே 1 என்று அடித்தேன். தலைக்கு மேல் போன மாதம்தான் மாட்டிய கண்காணிப்புக் கேமரா இருந்தது. அதற்கு எண் தெரியாது. நான் கூப்பிடுவது மட்டும்தான் தெரியும்.

ஒரே மணி. உடனே எடுத்துவிட்டார்கள்.

டக டக டக டக...

நின்றது. அதே குரல். அதே வார்த்தை.

தொலைபேசித் திரையைப் பார்த்தேன். கடைசி இலக்கம் 1தான். ஒரே தெருவாக இருக்குமோ? அல்லது கடிகாரம் என்னைச் சோதிக்கிறாரா? அக்கா விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டதா? எழுந்து போய்ப் பக்கத்து அறையைத் திறந்தேன். ஆள் இல்லை. அங்கிருந்த தொலைபேசி மேல் தூசு கலையாமல் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மணி 6.30. இந்தத் தடவை எந்த எண்ணையும் அடிக்கவில்லை. கேமராவுக்காக ரிசீவரை மட்டும் எடுத்துக் காதில் வைத்தேன்.

டயல் சத்தம் வரவில்லை.

டக... டக...

டக.

மூச்சு விடும் சத்தம். மிக அருகில்.

பிறகு அந்தக் குரல்... நம் மொழியில், சுத்தமாக...

"அக்காவுக்கா?"

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டேன். அது மேசை விளிம்பில் தொங்கி ஆடியது. எடுத்து வைக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

6.41க்கு என் கைபேசியில் அக்காவைக் கூப்பிட்டேன். ஓடும் வண்டியின் இரைச்சல் கேட்டது.

"இப்பதான் கெளம்பி வந்துட்டிருக்கோம்டா. மாமாதான் ஓட்டுறாரு."

"யாரு வரச் சொன்னா?"

"உங்க ஆபீஸ் அம்மாதான். 'உங்க முறை வந்தாச்சு, கெளம்புங்க'ன்னாங்க. மூணு தடவ அடிச்சிருக்காங்க. நான் அசந்து தூங்கிட்டேன், மூணாவதுதான் எடுத்தேன்."

"எத்தன மணிக்கு?"

"ஆறு பத்து, ஆறு இருவது, ஆறு முப்பது. போன்லயே இருக்கே. பின்னால யாரோ துணி தைக்கிற சத்தம். உங்க ஆபீஸ்ல தையல் கடையும் வச்சிருக்கீங்களாடா?"

எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கடைசி இலக்கம் 7. 41இன் எண்ணேதான்.

அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா பிழைத்தாள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை 41இன் கோப்பைத் திறந்தேன். பதினொரு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பட்டியலில் முதலாவதாக வந்திருக்கிறார். 6.10, பதில் இல்லை. 6.20, பதில் இல்லை. 6.30, பதில் இல்லை.

கையெழுத்து என்னுடையது.

அன்று நான் ரிசீவரைத் தொடவே இல்லை. மூன்று நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது என்று டீ குடிக்கப் போனதும் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். இரண்டாம் சந்து, ஒரே அறை வீடு. வாசலில் நின்றது 41இன் மகள். இருபது வயதிருக்கும். உள்ளே கூப்பிடவில்லை. அவள் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளர் அம்மா எனக்குச் சொன்னார்.

"இவங்க அம்மா தையல்காரங்க. எறந்துட்டாங்களாம்."

"எப்ப?"

"பதினொரு வாரத்துக்கு முன்னால. வியாழக்கிழம."

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வந்த வியாழன்.

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னாங்களாம். எடுத்தவங்களுக்குப் புரியல, வச்சிட்டாங்களாம். அந்த நம்பரையும் அப்பவே நிறுத்தியாச்சாம்."

அதனால்தான் பட்டியலில் 41 அப்படியே இருந்திருக்கிறது. நான் கிளம்பத் திரும்பினேன். மகள் ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் அம்மா தயங்கினார்.

"அவங்க அம்மா செல்போன மெஷின் மேலயே வச்சிட்டுத்தான் தைப்பாங்களாம். கடைசி ஞாயித்துக்கிழமயும் காலையிலருந்து அங்கதான் இருந்துதாம். ஒரு தடவகூட அடிக்கலியாம். அன்னிக்கு ஆஸ்பத்திரிலருந்து கூப்பிட்டீங்களான்னு கேக்குது."

மகள் என்னையே பார்த்தாள். என் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. வேலை நினைவுக்கு வந்தது.

"கூப்பிட்டேன்னு சொல்லுங்க. மூணு தடவ."

மொழிபெயர்ப்பாளர் அம்மா அதை அவர்கள் மொழியில் சொன்னார்.

அறைக்குள் மெஷின் ஓட ஆரம்பித்தது.

டக டக டக டக...

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6.10.

"உள்ள... யாரு தைக்கிறாங்க?"

மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தைக்கிறாங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே." இருந்தாலும் மகளிடம் கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது?"

"மெஷின எதிர்வீட்டுக்குக் குடுத்துப் பத்து வாரம் ஆச்சாம்."

"அப்புறம்?"

"உங்களுக்கும் கேக்குதான்னு கேக்குது."