கலசத்தின் உயரம்

எங்கள் பிழைப்பு வெயிலில் இருந்தது.

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடைக்கு மேற்கே எங்கள் வீடு. பின்னால் ஒரு முற்றம். நானும் என் வீட்டுக்காரரும் அதில் வடகம் பிழிந்து காயப்போடுவோம். பெரகல, அப்புத்தளைக் கடைகளுக்கு வண்டியில் போகும். தேயிலைத் தோட்டத்துக் கலியாணங்களுக்கும் போகும். மத்தியானத்துக்கு மேல் பதுளை வானத்தை நம்ப முடியாது. மழை இறங்கிவிடும். எங்களுக்குக் காலை வெயில் மட்டும்தான். அது துணிக்கடைக் கூரையைத் தாண்டி வரும். கூரை தாழ்வு. அதனால் குறையில்லை.

துணிக்கடைக்கு எதிரே பிள்ளையார் கோயில். கோயில் கலசத்துக்கு மேல் தெருவில் எதுவும் உயரக் கூடாது. சாமிக்கு மேலே மனிதன் தலை தெரியக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறவுமில்லை. கோயில் சிறிது. ஆகவே தெருவும் குட்டையாகவே இருந்தது.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்கும் வரப்போகிறது என்றார்கள். வருகிறவர்கள் தங்க மாடி கட்டப் போவதாகத் துணிக்கடை முதலாளி சொன்னார். மூன்று தட்டு. பூசாரி கலசத்தைக் காட்டினார். முதலாளி போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிள்ளையாருக்கு ஒரு கோபுரம் எடுப்போம். செலவு என்னுது. ஒடம்பால ஒழைக்கிறது நீங்க."

தெருவே அவரைக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். ஓயா ஆற்றிலிருந்து மணல் சுமந்தோம். வடகம் போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சுமந்தேன். கும்பாபிசேகத்துப் பந்தியில் என் வடகம்தான் போட்டார்கள். முதலாளி ஒன்றைக் கடித்துவிட்டு, "அக்கா கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் தெருவில் தமுக்கு அடித்தார்கள். துணிக்கடை மாடிக்கு அனுமதி கேட்டிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் அரசாங்கத் துரை பார்க்க வரும்போது சொல்லலாம்.

"எவ்வளவு ஒசரமாம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"புதுக் கலசத்துக்கு ஒரு செங்கல் கம்மியாம்" என்றேன்.

அவர் மாவுக் கையை உதறினார். "அப்ப நாம மணல் சொமந்தது சாமிக்கு இல்லடி."

துரை குதிரையில் வந்தார். மொழி சொல்ல ஒருவர் கூட வந்தார். தெரு வழக்கம் என்ன என்று கேட்டார்கள். பூசாரி சொன்னார். கோபுரத்தை ஆள் விட்டு அளந்தார்கள். மாடி அதற்குள் அடங்கியது. பூசாரி ஒதுங்கி நின்றார்.

"வேற யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?"

"எனக்கு இருக்குங்க. எங்க முத்தத்து வெயில் போயிரும்" என்றேன்.

துரை கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். மொழி சொல்கிறவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"வெயிலுக்கு உறுதிப் பத்திரம் வச்சிருக்கியான்னு தொரை கேக்குறாரு."

"இல்லீங்க. அது பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்குங்க."

கூட்டம் சிரித்தது. என்னோடு மணல் சுமந்தவர்கள்தான். அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

மாடி எழுந்தது. முற்றத்தை விட்டு அதன் நிழல் விலகும்போது மேகம் வந்துவிடும். வடகம் பூசணம் பிடித்தது. பெரகலக் கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். வண்டிக்காரனிடம் சொல்லியும் விட்டிருந்தார்: "வடகத்துக்குத் தாடி மொளச்சிருக்கு. சவரம் பண்ணி அனுப்பச் சொல்லு."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. மூட்டை திரும்பியதைப் பார்த்துவிட்டு அவரே வந்தார்.

"மேல மொட்டை மாடிதானே அக்கா. வெயில் கொட்டுது. ஏறிக் காயப்போட்டுக்கங்க."

என் வீட்டுக்காரர் அவர் போகும்வரை பொறுத்திருந்தார். "மாடிதான் கலசத்துக்குக் கீழே. அதுல ஏறி நின்னா நம்ம தலை எங்கே இருக்கும்? நான் ஏற மாட்டேன்."

"அப்ப சோத்துக்கு?"

"பூனாகலைத் தோட்டத்துக்குப் போறேன். கங்காணியக் கேட்டு வேலைக்குச் சேர்றேன். நீயும் வா."

"கொழுந்து எடுக்க எனக்குத் தெரியாது. வடகம்தான் தெரியும்."

அவர் விடிவதற்குள் புறப்பட்டுவிட்டார். நான் மாவைக் கிண்டி, துணியையும் பிழிகிற அச்சையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கடைசிப் படியில் குனிந்துகொண்டேன். அப்படியே உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து துணியை விரித்தேன். எதிரே கலசம் மின்னியது. அதன் பக்கம் பார்க்காமல் பிழிந்தேன். வெயில் நன்றாக இருந்தது. இடுப்பு விட்டுப்போனது.

படியில் ஏறி வந்த முதலாளி பாதியில் நின்று பார்த்தார்.

"ஏன்க்கா இந்தப் பாடு? நிமிந்து நின்னு பிழியுங்க. யாரு பாக்குறா?"

நான் துணியின் அடுத்த முனைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.