அற்புதம்மாளின் கடைவாய்ப் பல்

பாம்பனில் ரயில் ஏறும் மீன்காரிகளில் அற்புதம்மாள் குரல்தான் எடுப்பானது. கூடையில் பாறை மீனும் சீலா மீனும் இருக்கும், வாயில் ஊர்க்கதை இருக்கும். மண்டபம் தாண்டுவதற்குள் பெட்டியே சிரித்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் ஓய்ந்துபோனாள். பொழுது சாய்ந்தால் உடம்பு காயும். சோறு இறங்காது. முழங்கால் வீங்கி, கூடையைத் தலையில் ஏற்ற இன்னொருத்தி கை கொடுக்க வேண்டியிருந்தது. புருஷன் சவேரியார் கஷாயம் வைத்துக் கொடுத்தான். மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றினான். காய்ச்சல் போவதும் வருவதுமாகவே இருந்தது.

ராமநாதபுரத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கியவர் டாக்டர் நாகலெட்சுமி. ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு அவள் பேசாமல் நிற்கவும், அவர் மீனை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இடது தாடை லேசாக உப்பியிருந்தது.

"பல்லு வலிக்குதா?"

"அது போன வருஷமே வலிச்சு ஓஞ்சுபோச்சு டாக்டரம்மா. கிராம்பு வச்சேன், நின்னுருச்சு. இப்பப் பாடாப் படுத்துறது முழங்காலுதான்."

"வாயத் தொற."

கடைவாய்ப் பல் கறுத்துக் குழிந்திருந்தது. ஈறில் ஒரு கொப்புளம். அமுக்கியதும் சீழ் வந்தது.

"பல்லோட நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி நின்னுருக்கு. வேருக்கடியில சீழ் அப்படியே கெடக்கு. காய்ச்சலுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்."

"பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன டாக்டரம்மா சம்மந்தம்?" நெடுநாளைக்குப் பிறகு அற்புதம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரத்தம் எல்லா எடத்துக்கும்தான போகுது? முழங்காலுக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா சீழை உள்ள வச்சுக்கிட்டு எந்த உடம்பு தேறும்?"

ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். வலையில் சிக்கிய சுறாவை அசராமல் இழுத்துப்போடுகிற சவேரியார், வேர் நுனியில் தொங்கிய சீழ்ப்பையைக் கண்டதும் பெஞ்சில் சாய்ந்துவிட்டான். வாயில் பஞ்சோடு அற்புதம்மாள்தான் அவனுக்கு முந்தானையால் விசிறினாள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டது. பசி வந்தது. அடுப்பிலிருந்து குழம்பை இறக்கும் முன்பே தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் வீக்கமும் மெல்ல வடிந்தது. மழைக்காலத்தில் மட்டும் லேசாகக் குடையும். "அது பல்லால இல்ல, வயசால" என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

தை மாதம் ஒருநாள் ரயிலில் பனங்கிழங்கைக் கடித்துத் தின்றுகொண்டே, பல் போன இடத்தை எல்லாருக்கும் விலக்கிக் காட்டினாள்.

"யாருக்காச்சும் பல்லு வலிச்சுத் தானா நின்னுருக்கா? சொல்லுங்கடி, நானே கூட்டிட்டுப் போறேன்!"

எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு மீன்காரி வேளாங்கண்ணி சட்டென்று கையை எடுத்தாள். அற்புதம்மாள் அதற்குள் பார்த்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு மீன்கூடைகள் ஆஸ்பத்திரி வாசல்வரை போயின.