மாமாவின் குரலைத் தட்டில் ஏற்றியது

என் மாமனாரின் முதல் வருட நினைவு ஜெபம் கயத்தாறு வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு அவர் பாடிய கீர்த்தனைகள் ஒரே ஒரு கேசட்டில் இருந்தன. அதைச் சிடியில் ஏற்றி ஜெபத்தன்று அவர் குரலையே போடலாம் என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மாப்பிள்ளை நான்.

எனக்குக் கோவில்பட்டியில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை. சிடி எழுதும் வசதி அங்கிருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. மேலாளரிடம் அனுமதி வாங்கி, டேப் ரெக்கார்டரை வயர் போட்டு அதில் இணைத்துப் பதிவு செய்தேன். எம்பி3யாகச் சுருக்கினால் இடம் மிச்சம் என்றார் உடன் வேலை பார்த்தவர். மாமா குரலைச் சுருக்க எனக்கு மனசில்லை. கயத்தாறு வீட்டு பிளேயருக்கும் எம்பி3 தெரியாது. முழுசாகவே எடுத்தேன். முடித்துவிட்டு ரீவைண்ட் செய்யும்போது டேப் உள்ளே சிக்கிக் கசங்கி அறுந்துபோனது. வீட்டில் மூச்சு விடவில்லை. பாட்டுதான் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே.

அதைச் சிடியில் எழுதியதும், மில்லின் இருப்பு விவரங்களுக்கு இடம் போதாமல் போய்விடக் கூடாதே என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அன்றே அழித்தேன். மேலாளரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை.

ஜெபத்தன்று காலையில் பிளேயரில் போட்டுப் பார்த்தேன். தட்டு சுற்றியது, நின்றது. சிடியே இல்லை என்று காட்டியது. துடைத்துப் போட்டேன். அதே கதைதான்.

"என்ன மாப்பிள்ள, பாடலையா?" என்று அத்தை கேட்டார்கள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"இந்தா, கோவில்பட்டி வரைக்கும் போயிட்டு வந்துருதேன் அத்தை."

பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கேசட் போச்சு, கம்ப்யூட்டரில் இருந்ததும் போச்சு, மிச்சம் இந்தத் தட்டு ஒன்றுதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் பாட்டையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன். மாமாவை இரண்டாம் தடவை சாகக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தேன்.

மில் கம்ப்யூட்டரில் தட்டைச் செருகினேன். பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றை அழுத்தினால் மாமா பாடுகிறார். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். வாராவாரம் மில் கோப்புகளைச் சிடியில் எழுதி வைப்பது என் வேலை. கைப்பழக்கத்தில் மாமாவையும் கோப்பாகவே எழுதித் தொலைத்திருக்கிறேன். அதைக் கம்ப்யூட்டர் படிக்கும், வீட்டு பிளேயர் படிக்காது. ஆடியோ சிடி என்று தனியாக ஒன்று திரையில் பக்கத்திலேயே இருந்தது. பாட்டுகளை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்தத் தடவை அதை அழுத்தி, ஒரு புதுத் தட்டில் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதவிட்டு, முடியும்வரை கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஜெபத்துக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டைப் போட்டதும் பிளேயரில் பாட்டு எண் தெரிந்தது. ஆர்மோனியம் கேட்டது, பிறகு மாமா குரல். மூன்றாவது கீர்த்தனையில் மாமா ஓர் அடியை மறந்து கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடம் வந்ததும் அத்தை கண்ணை மூடியபடியே அடியை எடுத்துக் கொடுத்தார்கள். மாமா மேலே பாடினார்.

எல்லோரும் போன பிறகு கேசட் அறுந்ததை அத்தையிடம் சொன்னேன்.

"போனா போட்டும் மாப்பிள்ள," என்றார்கள் அத்தை. "இதே மாதிரி நாலஞ்சு போட்டு ஆளுக்கொண்ணு குடுங்க. ஒண்ணே ஒண்ணுன்னு வச்சிக்கிட்டு, எப்ப போயிருமோன்னு நான் பட்டது போதும்."