தட்டாத கத்தரிக்கோல்

பொத்தான் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஃபேனைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வாள். ஓர் ஊசி கேட்டால் கூடவே ஒரு வண்டி புத்திமதியும் வரும். மதியம் சாப்பிட்டதும் துணி மூட்டைமேல் தலைவைத்து ஒரு குறட்டை விடுவாள் பாருங்கள், இத்தனை மிஷினும் தோற்றுப்போகும்! ஆனால் இன்றைக்கு நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்து தைக்கிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை.

சட்டை தைக்கிற கம்பெனி எங்களுடையது. ஒரே நீள ஹால், வரிசை வரிசையாக மிஷின்கள். நான் காலர் வைப்பேன். அடுத்த மிஷினில் அக்கா பொத்தான் துளை போடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். கணவர் போன பிறகு இரண்டு பெண்களையும் அந்த மிஷினை மிதித்தே ஆளாக்கினவள்.

ஹாலில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது தப்பாகத் தைத்துவிட்டால் சூப்பர்வைசர் முன்னால் கூப்பிட்டு, பாழான சட்டையைக் கழுத்தில் மாலையாக மாட்டிவிடுவார். உடனே எல்லோரும் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலால் மேஜையைத் தட்டுவார்கள். டக், டக், டக். யார் ஆரம்பித்துவைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்பார்கள். மாட்டிக்கொண்டவளைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அது என்ன விளையாட்டு என்று!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலரை உள்பக்கம் வெளியாக வைத்துத் தொலைத்தேன். சட்டை என் கழுத்தில் ஏறியது. ஹாலே தட்டியது. அன்று மதியம் என் டப்பாவிலிருந்து பங்கு போட்டுச் சாப்பிட்ட, சட்டைக் கை நுனியில் கஃப் தைப்பவளும் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே என் சம்பளத்தில்தான். இருந்தும் இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"இன்னும் கிளம்பலையா? பஸ் போயிடும்."

"வரலக்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? எல்லாரும் தட்டினாங்க."

"எல்லாருமா? நான் தட்டினேனா? உன் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

உண்மைதான். அவள் என்றைக்குமே தட்டியதில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "தட்டலை, சரி. நிறுத்தவும் இல்லையே நீங்க!"

வெடுக்கென்று பதில் வரும் என்று பார்த்தேன். அக்கா குனிந்து, வாசலில் கிடந்த என் செருப்பை நேராக்கி வைத்தாள்.

"ஆமாண்டி. நான் தட்டலைங்கிறதையே பெரிய விஷயமா நெனச்சுக்கிட்டு இத்தனை வருஷம் உக்காந்திருந்துட்டேன்," என்றாள். "வா, செருப்பப் போடு."

போனேன். சூப்பர்வைசர் அந்தச் சட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். "நேத்து பாதியில ஓடிட்டியே, மிச்சம் யாரு பாக்கறது?" என்று மறுபடியும் மாட்டினார். கத்தரிக்கோல்கள் ஆரம்பித்தன.

அக்காவின் மிஷின் நின்றது. நேரே வந்தாள். என் கழுத்திலிருந்த சட்டையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"உன்னை யாரும்மா கூப்பிட்டா?" என்றார் சூப்பர்வைசர்.

"யாரும் கூப்பிடல சார். எனக்குத் தட்டட்டும்." ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். "ஏண்டி நிறுத்திட்டீங்க? தட்டுங்க! ஏய் கஃப், உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில ராத்திரியெல்லாம் யாரு உக்காந்திருந்தா? நீயே ஆரம்பி."

கஃப் தைப்பவள் கத்தரிக்கோலை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அங்கங்கே ஒன்றிரண்டு டக் கேட்டு, அதுவும் ஓய்ந்தது. "என்ன, தட்டுங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் கையில் கத்தரிக்கோலே இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. அத்தனை நாள் சத்தமும் முழுக்க முழுக்க எங்கள் ஹாலுடையது.

அவர் சும்மா விடுவாரா? அக்காவின் மிஷினை இஸ்திரிப் பகுதியின் ஆவிக்குள் தூக்கிப் போட்டார். வியர்த்து வழிந்துகொண்டே மதியச் சாப்பாட்டில் எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுக்குள்ள நல்லவளா இருந்து யாருக்குடி என்ன புண்ணியம்? இனிமே யாரைக் கூப்பிட்டாலும் பக்கத்து மிஷின்காரி எழுந்து கூடப் போகணும். பேச வேணாம், சண்டை போட வேணாம். கூட நின்னா போதும்."

அடுத்த முறை முதலில் எழுந்து போனவள் கஃப் தைப்பவள்தான். பிறகு அதுவே பழக்கமாயிற்று. இரண்டு பேர் வந்து நிற்கும்போது சட்டையை யார் கழுத்தில் மாட்டுவது? மாலை மரியாதை தானாக ஒழிந்தது. சூப்பர்வைசர் வேறு இடம் போனார், அக்காவின் மிஷின் என் பக்கத்துக்கே திரும்பி வந்தது, ஃபேனும் அவள் பக்கமே திரும்பியது.

போன மாதம் அக்கா ஒரு கட்டுச் சட்டை முழுக்கத் துளைகளை இடம் தள்ளிப் போட்டுவிட்டாள். கண் மங்கிவிட்டது, வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். புது மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். எழுந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாயாடி அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் எழுந்தேன். பக்கத்து மிஷின் நான்தானே. எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக.

மேனேஜர் கதவருகே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். "கண்ணாடி மாத்திட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் சட்டை மடிக்கற வேலைய பாருங்க. இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

அக்கா எங்கள் பக்கம் சீறித் திரும்பினாள். "அதானே! என்னடி ஊர்வலமா? போங்கடி, போய் வேலையப் பாருங்க!"

என்னால் போக முடியவில்லை. என் மணிக்கட்டை அவள் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.