எழுப்பும் கம்பி எந்தக் கம்பி

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'விசாரணை'. கதவைத் தட்டும் காற்றைக்கூட "யார் நீ, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய்" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாராம். ஒருநாள் லிஃப்டின் பொத்தான்களில் எண் அழிந்திருந்தது. எதை அழுத்தினால் எங்கே போகும் என்று தெரியாத பெட்டிக்குள் நிற்க மாட்டேன் என்று ஏழு மாடியும் நடந்தே ஏறினார். எட்டு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குக் கூட்டிச் சொல்கிற பழக்கம் கிடையாது, ஏழோடு விட்டுவிடுகிறேன்.

வயது நாற்பத்திரண்டு. வேலை, டிரைவர் எழுதுவது. கருவியின் திரை, ஒலிபெருக்கி போன்ற பாகங்களை மெயின் சிப்போடு பேசவைக்கிற சின்ன நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்தச் சிப்புக்கு இருநூறு கால்கள். எந்தக் காலில் எந்தக் கம்பி என்பது சிப்பைப் பதித்த போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால், ஒவ்வொரு போர்டிலும் ஒரு பட்டியல் பதிந்திருக்கும். "என் கம்பி எது?" என்று டிரைவர் கேட்டால் இயங்குதளம் பட்டியலைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும். பட்டியலில் பெயர் இருந்தால் பெயர் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வரிசையை நம்பக் கூடாது, பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று விசாரணை கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, கேட்டவர்கள் காது புளித்துக் கிடந்தது.

பட்டியல் எழுதுகிறவர் வேறு யாருமில்லை, அவருடைய நாத்தனார். வேலையிலும் பக்கத்து மேசை, வீட்டிலும் பக்கத்து அறை. இரண்டு இடத்திலும் சண்டை போட்டதில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

அந்த நிறுவனம் செய்வது பேசும் பலகை. குரல் இழந்தவர்கள் எழுத்துகளைத் தொட்டால் அது வாய்விட்டுப் பேசும். புது போர்டு பொருத்திய பலகை வந்தால் முதலில் வீட்டில் மாமனார் கைக்குத்தான் போகும். துணிக்கடையில் முப்பது வருஷம் பேசியே சரக்கை விற்றவர். நாலு வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவை செய்ததில் குரல் போய்விட்டது. ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதிக் காட்டினார். எல்லாரும் முதல் வரியைப் படித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டார். பலகை வந்த பிறகுதான் மனுஷர் மறுபடி வம்புக்கு வந்தார்.

இந்த முறை வந்த புது போர்டு, பலகையை அணைத்துப் போட்டால் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டால் திரை தூங்கும். ஓரத்துப் பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் வரும், தொடுவது மட்டும் உறைக்காது. தூங்கவிடாமல் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. மறுபடி அணைத்துப் போட நாலு நிமிஷம் பிடிக்கும். அதற்குள் வீட்டில் பேச்சு எங்கேயோ போய்விடும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கட்டுமா என்று மாமியார் கேட்டதற்கு, நாலு நிமிஷம் கழித்து, கொட்டுகிற மழைக்கு நடுவே, "மழை வராது" என்று பலகை அறிவித்தது. மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் பொறுமையாகத் தட்டினார். "திங்கட்கிழமை இதைத் திருப்பிக் குடுத்துடும்மா. நான் சும்மா இருந்துக்கறேன்."

மறுநாள் காலை விசாரணை பையைக்கூட இறக்கி வைக்காமல் நாத்தனார் மேசைக்குப் போனார்.

"உன் பட்டியல் தப்பா இருக்கு. தொடுதிரையை எழுப்புற கம்பி முதல்ல வரணும். ரெண்டாவதா போட்டிருக்கே."

"கால் நம்பர் வரிசையில போட்டேன் அண்ணி. பதினாலு முன்னாடி, அறுபத்தொண்ணு பின்னாடி. எழுப்புறது முதல்ல வரணும்னு யார் சொன்னா?"

"டிரைவர் அப்படித்தான் கேக்குது."

"டிரைவரை யார் எழுதினா?"

விசாரணை தன் மேசைக்குத் திரும்பிப் பழைய பதிவுகளைத் திறந்தார். மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய வரி, பக்கத்தில் அவர் பெயர். முதலாவது எழுப்பும் கம்பி, இரண்டாவது தொட்டதைச் சொல்லும் கம்பி. பழைய போர்டில் வரிசை அப்படி இருந்தது. அவசரத்தில் அதை நம்பி எழுதியிருக்கிறார். பலகையைப் போடும்போது தொடுவதை உணரும் சிப்பைப் போர்டே எழுப்பிவிடுவதால் குட்டு வெளிப்படவில்லை. தூங்கிய பிறகு எழுப்புவது டிரைவர் பாடு. அது, ஆளை எழுப்பச் சொன்னால் அவர் வீட்டுத் தபால் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

நாத்தனார் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பட்டியலையே மாத்திடறேன் அண்ணி. புது போர்டு போட்ட அறுபது பலகையையும் பிரிச்சு மறுபடி பதியணும், ஒரு மாசம் ஆகும். ஆனா உங்க தப்பு யாருக்கும் தெரியாது."

"உங்கப்பா ஒரு மாசம் வாயை மூடிட்டு இருக்கணுமா?"

பட்டியலில் பெயர் இல்லாத குறையைத் தீர்க்க, டிரைவரில் ஆறே வரி சேர்த்தார். இந்த போர்டில் 'எழுப்பு' என்றால் பட்டியலில் இரண்டாவது, 'தொட்டாச்சு' என்றால் முதலாவது. பழைய போர்டில் மாற்றி. இனி டிரைவர் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். ஆறு வரிக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது. என்ன மாறியது, ஏன் மாறியது என்று எல்லாரும் படிக்கிற குறிப்பு ஒன்றும் கூடவே எழுத வேண்டும். அதற்குத்தான் பிற்பகல் முழுக்க ஆயிற்று. 'பட்டியல் மாறியதால்' என்று தொடங்கி அழித்தார். 'எதிர்பாராத வரிசையால்' என்று தொடங்கி அதையும் அழித்தார். கடைசியில் நின்றது இது: 'பட்டியலில் தவறில்லை. வரிசையை நம்பி எழுதியவள் நான்.'

"இதைச் சட்டம் போட்டு மாட்டலாமா அண்ணி?" என்றார் நாத்தனார்.

"மாட்டு. ஆணி நான் வாங்கித் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமியார் சாப்பாட்டு மேசையில், கல்யாணமான புதிதில் ரயிலில் போனபோது மாமனார் டிக்கெட்டைத் தொலைத்த கதையை ஆரம்பித்தார். நாலு வருஷமாக உடனுக்குடன் எதிர்ப்பேச்சு வராமல் வளர்ந்த கதை; முதலில் பரிசோதகர் மட்டும் இருந்தார், இப்போது போலீஸும் வந்து சேர்ந்திருந்தது. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டார். பலகை தூங்கிப் போயிருந்தது. தட்டினார். விழித்தது. எழுத்தைத் தொட்டார். உறைத்தது.

"டிக்கெட் உன் கைப்பையிலதான் இருந்துச்சு" என்றது பலகை.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு சீக்கிரம் பதில் வரணும்னு உன்னை யாரும்மா கேட்டா?"

மாமனார் அதற்குள் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.