ஏழு லட்ச ரூபாய் மேஸ்திரி

கம்ப்யூட்டர் வந்த வாரத்திலேயே என் அப்பாவின் மண்டை உடைந்தது.

திருவொற்றியூரில் ஓர் உரக் குடோன். துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் மூட்டைகளை இறக்கி அடுக்கும் கூலியாட்களுக்கு அப்பா மேஸ்திரி. அதே குடோன் ஆபீஸில்தான் எனக்கும் வேலை. வரிக் கணக்கை இனிமேல் காகிதத்தில் வாங்க மாட்டார்களாம், ஃப்ளாப்பியில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டுமாம் என்று முதலாளிக்குத் தலைவலி. தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் ஏதோ கம்ப்யூட்டர் படித்த பெண் என்று என்னைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். யார் யாருக்குப் பணம் கொடுத்தோமோ அவர்கள் பெயரும் பான் கார்டு எண்ணும் வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் இருந்த ஒரே கார்டு ரேஷன் கார்டு.

கூலி கொடுக்கிற முறை இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்குமான கூலியையும் முதலாளி மொத்தமாக அப்பா கையில் கொடுப்பார். வவுச்சரில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். அப்பா டீக்கடை பெஞ்சில் துண்டை விரித்து, எல்லோர் கண் முன்னாலும் பங்கு போடுவார். மற்ற மேஸ்திரிகள் தங்களுக்கு இரண்டு பங்கு எடுப்பார்கள். அப்பா ஒரு பங்குக்கு மேல் எடுத்ததில்லை. ஹவுசிங் போர்டு வீட்டில் மழைக்கு ஒழுகும் ஓர் அறையும் இந்த நல்ல பெயரும்தான் எங்கள் சொத்து. அந்தப் பெயருக்கு வியாசர்பாடியில் மரியாதை இருந்தது, கடனுக்கு அரிசி கிடைத்தது. நல்ல பெயரைக் கட்டிக்கொண்டு அழு என்று அம்மாவோடு சேர்ந்து நானும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரிபார்க்க ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். அந்த நேரம் பார்த்து, ஒரு லாரியைக் காலி செய்துவிட்டு எல்லோரும் தண்ணீர் குடிக்க ஆபீஸ் வாசலுக்கு வந்திருந்தார்கள். அப்பாவும் நின்றிருந்தார். அந்த ஆள் திரையைப் பார்த்தபடி ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"அடேங்கப்பா! இந்த மேஸ்திரி வருஷத்துக்கு ஏழு லட்சம் வாங்கியிருக்காரு! இவருக்கா பான் கார்டு இல்ல?"

எங்கள் ஆட்கள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிழைத்தவர்கள். வருஷக் கூலி என்று ஒன்றை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. அதுதான் வினையாகிவிட்டது. "ஏழு லட்சமா?" என்று வாயைப் பிளந்தபடி அவரே திருப்பிக் கேட்டார். அந்தத் திகைப்பை அவர்கள் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் கை வைத்தவர் அப்பாவின் தோஸ்து. இருவரும் சின்ன வயதில் ஒன்றாக பாக்ஸிங் பழகியவர்கள். நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏழு லட்சத்த துன்னுட்டு, எங்கையில பீடி வாங்கி குடிச்சிகினு கீறியாடா?"

எங்கே குத்தினால் புருவம் கிழியும் என்று அவருக்குத் தெரியும். அங்கேயே குத்தினார். அப்பா கையைத் தூக்கவே இல்லை. "இர்ரா மச்சான், இன்னான்னு கேப்போம் இரு" என்று சொல்லிக்கொண்டே விழுந்தார். மற்றவர்கள் பாய்ந்தார்கள். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்து ஒருவன் தலையில் போட்டான். இன்னொருவன் விலாவில் மிதித்தான். போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் அவன்.

நான் கீபோர்டை வயரோடு பிடுங்கிச் சித்தப்பாவின் வாயில் அடித்தேன். இரண்டு பல் போயிற்று. வருத்தமா என்று கேட்டால், இல்லை. இன்னும் இரண்டு போயிருக்கலாம்.

"போன சனிக்கெழம உங்கைக்கு இன்னா வந்துச்சு?" என்று கத்தினேன். "அத இருவது பேருக்குப் போடு. வருசத்துல எத்தினி சனிக்கெழம வருது? அதையும் போட்டுப் பாரு! எல்லாரும் துன்னதுதான் அந்த ஏழு லட்சம்!"

ஆடிட்டர் ஆபீஸ்காரர் மேஜைக்குப் பின்னாலிருந்து, "ஆமாங்க, எல்லாருக்கும் சேத்துத்தாங்க, பேர்தான் அவரு பேரு" என்று நடுங்கினார். கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். கொக்கி பிடித்திருந்தவன் அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். சித்தப்பா வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

அப்பா தரையில் கிடந்தார். சிந்திக் கிடந்த உரம் காயத்தில் பட்டு எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல எதுனா தப்பா கீதா?"

"இல்ல நைனா, சரியாத்தான் கீது."

கணக்குக் கொடுக்கக் கெடு நெருங்கிவிட்டது. காயம் ஆறும்வரை காத்திருக்க முதலாளிக்கு நேரமில்லை. புருவத்தில் தையலோடும் மூடிக்கொண்ட கண்ணோடும் ஸ்டூடியோவில் அப்பாவைப் படம் எடுத்தார்கள். அந்த முகத்தோடுதான் பான் கார்டு வந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் தனித்தனியாகக் கார்டு, தனித்தனியாகக் கூலி. அப்பாவும் மூட்டை தூக்கினார். நீயே மேஸ்திரியாக இரு என்று எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. துறைமுக வேலைக்குப் போகும் நாட்களில் கேட்டில் அடையாளத்துக்கு அந்தக் கார்டைத்தான் நீட்டுவார். வரிசையில் பின்னால் நிற்கும் சித்தப்பா தலையைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் சித்தப்பா வீட்டுக்கே வந்தார். "மச்சான், வேற போட்டோ குடுத்து மாத்திடுறா. பாக்கவே முடிலடா."

"நீ குடுத்த மூஞ்சிதானடா," என்றார் அப்பா. "பாரு."

சில வருஷங்களில் மாரடைப்பு வந்து அப்பா போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும். வீட்டில் நல்ல படங்கள் இருந்தன. என் கல்யாணத்தில் மாலை போட்டுக்கொண்டு சிரிக்கும் படம்கூட இருந்தது. பான் கார்டுக்காக ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் படத்தைத்தான் நான் அச்சாபீஸில் கொடுத்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? வேற இல்லியா?" என்றார் அச்சாபீஸ்காரர்.

"இதான் கீது" என்றேன்.

விடிந்ததும் வியாசர்பாடிச் சுவரெல்லாம் அப்பாவின் கிழிந்த புருவம். சித்தப்பா பசை காயாத போஸ்டர்களை நகத்தால் சுரண்டி, அழுதுகொண்டே ஒவ்வொரு சுவராகக் கிழித்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. வீட்டில் இன்னொரு கட்டு வைத்திருந்தேன்.