ஸ்பெயின் முழுக்கக் கேட்ட பலே

டெக்சாஸின் பேர்லேண்டில் ஒரு மனிதன் சைக்கிள் ஓட்டினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும் என்று எங்கள் தமிழ்க் கூட்டம் நம்புகிறது. ஒன்று, கார் ரிப்பேர். இல்லாவிட்டால், குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் பறிபோயிருக்க வேண்டும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதால் நான் சைக்கிள் வாங்கினேன். முதல் வாரம் கோயிலுக்குப் போகும் தெருவில் எனக்காகக் காரை நிறுத்தாத ஆளே இல்லை. "அங்கிள், ரைடு வேணுமா?" என்பார்கள். வேண்டாம் என்றால் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து லேசாக மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்ட நான், ஸ்பெயினுக்குப் போய்க் கிராமம் கிராமமாக சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்று அறிவித்தபோது என் மனைவி "ம்" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் வாங்கிய விருதுகள் எல்லாமே இந்த 'ம்' தான். கிரீன் கார்டு வந்தபோதும் ம். வீடு வாங்கியபோதும் ம். "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். பழைய வேலைக்கும் புது வேலைக்கும் நடுவில் ஒரு மாதம் கிடைத்திருந்தது. தனியாகவே கிளம்பினேன்.

செவில்லாவில் தொடங்கி வடக்கே சலமாங்கா வரை போவதாகத் திட்டம். முதல் கிராமத்துக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கடைகள் மூடியிருந்தன, ஜன்னல்கள் மூடியிருந்தன, தெருவில் நாய்கூட இல்லை. யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று நினைத்து நானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஊரே தூங்குகிறது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்காகக் கடையடைக்கும் ஜனங்களை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

அடுத்தது சாப்பாடு. டெக்சாஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு டோர்ட்டியா என்றால் சப்பாத்தி மாதிரி ஒன்று என்று தெரியாதா? கேட்டேன். நாலு விரல் கனத்துக்கு முட்டையும் உருளைக்கிழங்குமாக ஒரு கேக் வந்தது. நான் சைவம், முட்டையும் இறைச்சியும் கூடாது என்று கையை ஆட்டி விளக்கினேன். ஓட்டல்காரர் புரிந்துகொண்டு அதை எடுத்துப் போய், சாலட் மேல் மீனைத் தூவிக் கொண்டுவந்தார். மீன் அங்கே காய்கறி வகை போலிருக்கிறது. கடைசியில் ரொட்டியும் தக்காளியும் வாழைப்பழமும் என்று உயிர் வாழ்ந்தேன்.

ஆனால் இந்தக் கஷ்டமெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவே இல்லை. காரணம், அந்த ஜனங்களின் ரசனை. வாழைப்பழம் கேட்டேன், கடைக்காரர் "பலே" என்றார். காசைக் கொடுத்தேன், மறுபடியும் "பலே!" என்றார். மூச்சு வாங்க ஒரு மேட்டில் ஏறி, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பாட்டிலை நீட்டினேன். "பலே, பலே" என்று சொல்லிக்கொண்டே நிரப்பிக் கொடுத்தார். டெக்சாஸில் சுற்றிலும் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், ஒருவர்கூட என்னை இப்படிப் பாராட்டியதில்லை. ஒருநாள் தெரியாத்தனமாகப் பெரிய ஹைவேயில் ஏறிவிட்டேன். ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்டி, விரலை ஆட்டி ஆட்டி நீளமாகத் திட்டினார். முடிக்கும்போது அவரும் "பலே?" என்றார். திட்டுகிற வாயாலேயே பாராட்டுகிற பெருந்தன்மை! கைகூப்பி நன்றி சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

தமிழ்ச் சொல் எப்படி அங்கே போயிற்று என்று சைக்கிளில் போகும்போதே ஒரு ஆராய்ச்சியும் செய்து, கப்பல் வாணிபம் வரை வந்துவிட்டேன்.

சாயங்காலங்கள்தான் சரியில்லை. ஊர் எழுந்து வந்து சதுக்கத்து பெஞ்சுகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும். பக்கத்தில் காலியிடத்தோடு நான் ஒருவன் மட்டும் கொறிப்பேன். மனைவியின் ஞாபகம் வரும். அடுத்த தடவை அவளை எப்படியாவது கூட்டி வந்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒரு நாடே தன் புருஷனைப் பாராட்டியது என்று கேட்டால் மனசு மாறாதா?

திரும்பி வந்ததும், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், நண்பர் வீட்டு டிவியில் பயணப் படங்களைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தேன். படம் முடிந்துதான் சாப்பாடு என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். மனைவி முன்வரிசை சோபாவில். நான் வாழைப்பழம், தண்ணீர், போலீஸ் எல்லாவற்றையும் சொல்லி, தமிழின் பரவலைப் பற்றி வாயெடுத்தபோது, ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் படிக்கும் என் மகள் கையைத் தூக்கினாள்.

"அப்பா, தட்ஸ் ஸ்பானிஷ். இட் ஜஸ்ட் மீன்ஸ் ஓகே. ஒன்லி பீப்பிள் இன் ஸ்பெயின் சே இட்."

"அப்போ அந்தப் போலீஸ்காரர்?" என்றார் நண்பர்.

"ஹி வாஸ் ஆஸ்கிங், அண்டர்ஸ்டுட்?"

வீடே அதிர்ந்தது. அதற்கப்புறம் சாம்பார் ஊற்றவா என்றாலும் பலே, தயிர் போதுமா என்றாலும் பலே. சாப்பிட்டு முடிக்கும் வரை என்னை விடவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் போட்ட திட்டம் புட்டுக்கொண்டது.

திரும்பும்போது அவள்தான் டிரைவ் பண்ணினாள். மகள் பின்சீட்டில். நான் உம்மென்று இருந்தேன்.

"அந்த மேட்டை நெஜமாவே ஏறினீங்களா?" என்றாள் மனைவி.

"பாதி தள்ளிட்டுப் போனேன்."

"ம்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? "தெனம் சாயங்காலம் உன்னைத்தான் நெனச்சேன். தனியா போறது நல்லா இல்ல. அடுத்த வருஷம் போர்ச்சுகல் போலாம்னு இருக்கேன். நீயும் வரியா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் சிக்னலையே பார்த்துக்கொண்டு, "பலே" என்றாள்.

"அம்மா, வாஸ் தட் தமிழ் ஆர் ஸ்பானிஷ்?" என்றாள் மகள்.

பச்சை விழுந்தது. மனைவி வண்டியை எடுத்தாள். ஸ்பானிஷ் என்றால் சம்மதம், தமிழ் என்றால் நக்கல். திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் அளவுக்கு ஒரு ஹெல்மெட் ஆர்டர் பண்ணிவிட்டுப் பயத்தோடு காத்திருந்தேன்.

பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தாள்.

"இந்தக் கலர் வேணாம். மாத்துங்க" என்றாள்.